கடலரிப்பு: எங்கள் ஊருக்குக் கல் கேட்பதா, மணல் கேட்பதா?

வடகுப்பம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்ட எல்லைக்குள் இருக்கும் மீனவக் குப்பம் எங்களுடையது. கடலைப் பார்த்து நின்ற வரிசை வீடுகள் போய்விட்டன. அடுத்த வரிசையில் சுவர்கள் விரிசல் விட்டு நிற்கின்றன. அப்பா காலத்தில் கரைவலை வளைத்து இழுக்கும் அளவுக்கு மணல் கிடந்தது. இன்றைக்குக் கடல் கொஞ்சம் சீறினாலே ஃபைபர் படகைத் தெருவுக்குள் இழுத்து வந்து கட்ட வேண்டியிருக்கிறது. கருவாடு காயவைக்கும் பெண்களுக்குத் தார்ச்சாலை ஓரம்தான் மிச்சம்.

ஊர்க் கூட்டத்தில் இரண்டு பேச்சு ஓடுகிறது. பெரியவர்கள், "பக்கத்து ஊருக்குத் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல் வரப்பு) போட்டார்கள், நமக்கும் கேள்" என்கிறார்கள். படிக்கிற பிள்ளைகளோ, "கல் போடுவது கடலோடு சண்டை பிடிக்கிற வேலை, காலநிலை மாறுகிற மாற்றத்தில் அது நிற்காது, அலையாத்தி மரம் நடச் சொல்வோம்" என்கிறார்கள். மனு எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தத்துவம் வேண்டாம், எங்களுக்குக் கரை வேண்டும்.

---

ஓய்வுபெற்ற பொறியாளர்

தம்பி, விரிசல் விட்ட வீட்டில் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்றால் முதல் கேள்வி உயிர். மரம் வளர வருடங்கள் ஆகும். கருங்கல் இந்தப் பருவத்துக்குள்ளேயே வந்து சேரும். 2004 சுனாமியில் புதுச்சேரி பழைய நகரத்துக்குச் சேதம் குறைந்ததற்குக் கடற்கரைச் சாலை நெடுக இருந்த கல் சுவரும் ஒரு காரணம். அதை யாரும் மறுக்க முடியாது.

கடல் மட்டமும் சும்மா இல்லை. 1993 முதல் 2017 வரை வட இந்தியப் பெருங்கடலில் ஆண்டுக்குச் சுமார் 3.3 மில்லிமீட்டர் உயர்ந்திருப்பதாகப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை சொல்கிறது. அதற்கு முந்தைய நூற்றாண்டில் இந்த வேகம் இல்லை. ஏறுகிற கடலுக்கு முன்னால் "இயற்கையோடு இணைந்து வாழ்வோம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நிற்க முடியாது. தூண்டில் வளைவு கேளுங்கள், கூடவே கல் சுவரும் கேளுங்கள்.

---

அடம்பங்கொடி

வடகுப்பம் அண்ணா, முதலில் அந்தப் பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். உங்கள் கரையில் அலையாத்தி வளராது. அது கழிமுகத்துச் செடி. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கிற, அலை வேகம் இல்லாத சேற்றில்தான் வெண்கண்டலும் சுரபுன்னையும் வேர் பிடிக்கும். பிச்சாவரத்தில் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அது காடாக நிற்கிறது. முத்துப்பேட்டைக் காயலிலும் அப்படித்தான். நேராக அலை வந்து அறைகிற மணல் கரையில் நட்டால் நாற்றும் போகும், பணமும் போகும்.

உங்கள் ஊருக்கு ஏன் இந்த நிலை வந்தது என்று பார்த்தால்தான் எதைக் கேட்பது என்று தெரியும். நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் இருப்பதில்லை. ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே போகும். வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம், ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர். 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக இரண்டு அலைதாங்கிகளைக் கடலுக்குள் நீட்டினார்கள். தெற்கே மணல் குவிந்தது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வழக்கம்போல் வந்து, இருந்த மணலை எடுத்துக்கொண்டு வடக்கே போயிற்று. நகரத்து மணல் கரை அப்படித்தான் காணாமல் போனது. காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கல் முடிந்த இடத்தில் அரிப்பு தொடங்கியது. அங்கே ஒரு வளைவு போட்டார்கள், அது அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. இன்றைக்கு உங்கள் வாசலுக்கு வந்திருக்கிறது.

பொறியாளர் ஐயா கடல் மட்டம் பற்றிச் சொன்னது சரியான எண். ஆனால் ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர் ஒரு தலைமுறைக்குள் வரிசை வரிசையாக வீட்டை எடுக்காது. இங்கே எடுத்தது மணல் பஞ்சம். கடல் ஏற ஏறப் பஞ்சம் இன்னும் கொடியதாகும். மணல் நிறைந்த கரை கடலோடு சேர்ந்து தானும் கொஞ்சம் உயரும், பின்வாங்கும், திரும்ப வரும். மணல் இல்லாத கரைக்கு அந்த வழி இல்லை.

---

காசிமேட்டுப் பேரன்

இந்தக் கதை எங்கள் வட சென்னைப் பக்கம் 100 வருடத்துக்கு மேல் பழையது. சென்னைத் துறைமுக வேலை 1870-களில் தொடங்கியது. 1881 புயல் அலைதாங்கிகளை உடைத்துப் போட்டது, திரும்பவும் கட்டினார்கள். அதற்கு முன்னால் கோட்டைச் சுவருக்குப் பக்கத்திலேயே கடல் இருந்தது. துறைமுகத்துக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து இன்றைய மெரினா விரிந்தது. வடக்கே ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை தெருத்தெருவாகப் போயிற்று. மெரினாவில் காற்று வாங்குகிறவர்கள் நிற்பது எங்களுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டிய மணலின் மேல். அப்புறம் எண்ணூரில் 2001-இல் ஒரு துறைமுகம், காட்டுப்பள்ளியில் இன்னொன்று. இப்போது பழவேற்காடு வரை அதே பேச்சு.

எங்கள் பக்கம் கல் போட்டார்கள். நெடுஞ்சாலை பிழைத்தது, வீடுகளும் பிழைத்தன. அதற்கு நன்றி கெட்டுப் பேச மாட்டேன். ஆனால் கல் சுவர் வந்த இடத்தில் கட்டுமரம் ஏற்ற முடியாது, வலை பிரிக்க முடியாது, பிள்ளைகள் விளையாட முடியாது. மீன்பிடித் தொழிலே துறைமுகத்துக்குள் போய் ஒடுங்கிவிட்டது. கல் கேட்கும்போது அதையும் எண்ணிக் கேளுங்கள், அண்ணே.

---

ஓய்வுபெற்ற பொறியாளர்

அடம்பங்கொடி அம்மா சொன்ன காரணம் சரி. அதற்காகத் துறைமுகத்தை இடிக்கச் சொல்லி மனு எழுத முடியுமா? ஒரு வளைவு மட்டும் போட்டால்தான் வடக்கே பஞ்சம் வரும். தொடராகப் போட்டு, நடுவில் மணலும் நிரப்பி, வடக்கே போகப் போக நீளத்தைக் குறைத்துக்கொண்டே போனால் பாதிப்பைக் கட்டுக்குள் வைக்கலாம். பாடப்புத்தகத்தில் உள்ள முறைதான். நிதி வந்ததும் கல்லை மட்டும் கொட்டிவிட்டு மணலை விட்டுவிடுவதுதான் கோளாறு.

மரம் பற்றி ஒன்று கேட்கிறேன். 2004-இல் அலையாத்திக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை?

---

அடம்பங்கொடி

நேர்மையான கேள்வி, ஐயா. சுனாமிக்கு அடுத்த ஆண்டு கடலூர் மாவட்டக் கரையில் செய்த ஆய்வுகள், மரம் அடர்ந்த இடத்துக்குப் பின்னால் சேதம் குறைவு என்று சொல்லின. அப்படி ஒரு தரவை வேறு ஆய்வாளர்கள் எடுத்து மறுபடி கணக்கிட்டபோது, ஊர் கடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது, எவ்வளவு மேட்டில் இருந்தது என்பதுதான் பெரும்பாலும் தீர்மானித்தது என்றார்கள். எனக்கும் மேட்டுநிலத்தின் மேல்தான் நம்பிக்கை அதிகம். காட்டால் அலையின் வேகத்தை ஓரளவு குறைக்க முடியும். பெரிய சுனாமியை நிறுத்தும் சுவர் என்று அதை விற்பது ஊரை ஏமாற்றுவது.

அதனால் காடு வேண்டாம் என்று ஆகாது. பிச்சாவரத்தில் காடு எப்படித் திரும்பி வந்தது என்பதில்தான் இந்த இழைக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பகுதி பகுதியாக மரத்தை மொட்டையடித்து வெட்டி வந்தார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து, நிலம் இறங்கித் தொட்டி மாதிரி ஆகிவிட்டது. கடல் ஏற்ற நேரத்தில் உள்ளே வந்த கடல்நீர் வடியாமல் நின்று ஆவியாகி, மண்ணில் உப்பு ஏறிப்போனது. அந்த இடத்தில் என்ன நட்டாலும் சாகும். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அங்கே வாய்க்கால் வெட்டினார்கள். மீன் முள்ளைப் போல நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். கடல்நீர் வந்து வந்து போக ஆரம்பித்ததும் உப்பு இறங்கியது. அதற்குப் பிறகுதான் நாற்று. தண்ணீருக்கு வழி விட்டதுதான் பெரிய வேலை, நட்டது சின்ன வேலை.

இதற்கு நேர்மாறான கதை என் ஊர்ப் பக்கம் நடந்தது. நான் நாகப்பட்டினம் மாவட்டம். சுனாமிக்குப் பின் "உயிர்க்கவசம்" என்ற பெயரில் கடலோரம் முழுக்கச் சவுக்கு நட்டார்கள். சவுக்கு நம் கரைச் செடியே இல்லை, வெளியிலிருந்து கொண்டுவந்தது. வரிசை பிடித்து நடுவதற்காகச் சில இடங்களில் மணல் மேட்டையே சமன் செய்தார்கள். சுனாமியின்போது தண்ணீரைத் தடுத்து நின்றது அந்த மணல் மேடு. அதை வெட்டிச் சமமாக்கி மரம் நட்டுவிட்டு, பசுமைத் திட்டம் என்று பலகை வைத்தால் மனசு கொதிக்கிறது. பங்குனி ஆமை முட்டையிட ஏறி வரும் கரையில் அலை தொடும் தூரம் வரை சவுக்கு நின்றால் அது எங்கே போகும்?

அந்த மேட்டைக் கட்டியவை எவை தெரியுமா? அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும். அடம்பு தரையோடு தரையாக ஓடும். கணுவுக்குக் கணு வேர் விடும். காற்றில் பறந்து வரும் மணல் அதன் இலையில் தட்டி விழும். மணல் மூட மூட, கொடி மேலே ஏறிவரும். இராவணன் மீசை உருண்டையான முள் தலையைக் காற்றில் உருட்டி விதையைப் பரப்பும். இதற்குப் பின்னால் தாழை, அதற்கும் பின்னால் பனை. சங்கப் பாட்டில் தேர்ச் சக்கரம் அடும்பங்கொடியை அறுத்துக்கொண்டு போகும், நெய்தல் நிலம் என்றாலே அந்தக் கொடிதான். இப்போது ரிசார்ட்காரர்கள் அதைக் களை என்று பிடுங்குகிறார்கள். கஜா புயல் 2018 நவம்பர் 16 விடிகாலை கரை கடந்தபோது தென்னை லட்சக்கணக்கில் சாய்ந்தது, சவுக்கும் சாய்ந்தது. எங்கள் பக்கம் பனை நின்றது.

ஆக, மரம் என்றால் இயற்கையோடு, கல் என்றால் இயற்கைக்கு எதிராக என்று பிரிக்க வேண்டாம். மரம் நட்டும் இயற்கையைக் கெடுக்கலாம். மணலும் தண்ணீரும் போகிற வழியை விட்டோமா, அடைத்தோமா என்று பாருங்கள்.

---

குமரிக்கடல்

நான் கேரள எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தவன். கேரளத்துக் கரை ஏறத்தாழ 590 கிலோமீட்டர். அதில் பாதிக்கும் மேல் ஏதோ ஒரு காலத்தில் கல் போட்ட இடம்தான். அப்படியிருந்தும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் 1990–2018 கணக்கில் கேரளக் கரையில் 46 சதவீதத்துக்கு மேல் அரிப்பு. தமிழ்நாட்டில் சுமார் 43. கல் குறைவால் அரிப்பு என்றால் இந்தக் கணக்கு இப்படி வராது.

கொச்சிக்குத் தெற்கே செல்லானம் என்று ஓர் ஊர். 2021-இல் டவ்தே புயலின்போது வீட்டுக்குள் கடல் வந்த ஊர். அடுத்த வருடம் அங்கே சுமார் 7 கிலோமீட்டருக்கு டெட்ராபாட் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். நாலு கால் கான்கிரீட் கட்டைகளை ஒன்றோடொன்று மாட்டி அடுக்குவது. சுவருக்குப் பின்னால் இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள், அதை நேரில் பார்த்தேன். சுவர் முடிந்த இடத்துக்கு வடக்கே கண்ணமாலியில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. அந்த ஊர்க்காரர்கள், எங்களுக்கும் நீட்டுங்கள் என்று போராடினார்கள். அவர்களைத் தப்பு சொல்ல முடியுமா?

அங்கே இன்னொரு திட்டமும் உண்டு, புனர்கேகம். கடலிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்கும் குடும்பம் விரும்பினால் உள்ளே போக 10 லட்சம் ரூபாய், நிலத்துக்கும் வீட்டுக்கும் சேர்த்து. அந்தக் காசுக்குக் கடலுக்குப் பக்கத்தில் நிலம் கிடைப்பதில்லை என்பதுதான் பெரிய குறை.

---

வடகுப்பம்

எல்லோருக்கும் நன்றி. இடம்பெயர்வது பற்றி வந்ததால் சொல்கிறேன். எங்கள் ஊரில் அந்தப் பேச்சை எடுத்தாலே சண்டை வரும். காரணம் இருக்கிறது. நாங்கள் காலி செய்கிற இடத்தில் நாளைக்கு ஹோட்டல் வராது என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? 2019 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையில், மக்கள் அடர்த்தியான ஊரகப் பகுதிக்குக் கட்டடம் கூடாத தூரத்தை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்துவிட்டார்கள். எங்களைத் தள்ளிப் போ என்கிற அதே நேரத்தில் மற்றவர்களைப் பக்கத்தில் வா என்கிறது சட்டம். கடல் கண்ணில் படாத இடத்தில் குடியிருந்தால் எங்கள் ஆட்களுக்குத் தொழிலும் ஓடாது. தண்ணீர் நிறம், காற்று, மீன் திரள்வது எல்லாம் வாசலில் நின்று பார்ப்பது.

சரி, இன்னொரு சந்தேகம். துறைமுகம் மட்டும்தான் காரணமா? ஆற்று மணல் வராததையும் பெரியவர்கள் சொல்கிறார்கள்.

---

அடம்பங்கொடி

பெரியவர்கள் சொல்வது உண்மை, அண்ணா. உங்கள் கரைக்கு மணல் கொடுத்தவற்றில் தென்பெண்ணை முக்கியமானது. கடலூரில் கடலில் விழும் ஆறு, அங்கிருந்து மணல் வடக்கே உங்களிடம் வரும். 1958-இல் சாத்தனூர் அணை வந்தது. மேலே அணையில் வண்டல் தங்குகிறது. கீழே ஆற்றில் லாரி லாரியாக அள்ளுகிறார்கள். கொள்ளிடத்துக்கு மேலே மேட்டூர் 1934-இலிருந்து நிற்கிறது. ஆறு கடலுக்குக் கொடுப்பதே குறைந்துபோனது. கொடுத்ததைத் துறைமுகம் மறிக்கிறது. ஆற்றில் மணல் அள்ளுவதை எதிர்க்கிற விவசாயியும் நீங்களும் ஒரே வழக்கில் நிற்க வேண்டியவர்கள்.

---

டெல்ஃப்ட் தமிழ்

நெதர்லாந்தில் நீர்ப்பொறியியல் படிக்கிறேன். 2011-இல் இங்கே ஹேக் நகரத்துக்குத் தெற்கே கரையோரம் 2 கோடியே 15 லட்சம் கன மீட்டர் மணலை ஒரே இடத்தில் கொட்டினார்கள். மணல் எஞ்சின் என்று பெயர். பரப்பிவிடவில்லை; காற்றும் அலையும் அதைத் தூக்கிக் கரை நெடுகப் பங்கிட்டுக் கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். சுமார் 20 ஆண்டுக்கு என்று திட்டம். கடலே வேலையாள்.

அதே நாடு 1953 வெள்ளத்துக்குப் பிறகு உலகத்திலேயே பெரிய புயல் தடுப்புக் கதவுகளையும் கட்டியது. நகரம் இருக்கும் இடத்தில் கான்கிரீட், மணல் கரை இருக்கும் இடத்தில் மணல். 1990-லேயே, அன்றைக்குக் கரை எங்கே இருந்ததோ அங்கேயே மணல் போட்டு வைத்துக்கொள்வோம் என்று அரசு முடிவு எடுத்து, ஒவ்வோர் ஆண்டும் அளந்து போடுகிறது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த அளக்கிற பழக்கத்தை. ஆழமற்ற வடகடலில் மணல் எடுப்பது அவர்களுக்கு எளிது. நம் கரைக்கு அதே அளவில் செய்ய முடியாது. ஆனால் புதுச்சேரியில் மணலைத் தேடி எங்கும் போக வேண்டாம்; துறைமுகத்துக்குத் தெற்கே குவிந்து, வாயையும் அடைத்துக்கொண்டு கிடக்கிறது.

---

ஓய்வுபெற்ற பொறியாளர்

அந்தத் துறைமுகத் திட்டத்திலேயே தெற்கில் சேரும் மணலை எடுத்து வடக்கில் விடும் ஏற்பாடு இருந்தது. அது தொடர்ந்து நடக்கவில்லை. விசாகப்பட்டினத்தில் தூர்வாரிய மணலை நகரக் கடற்கரைக்குக் கொடுக்கிறார்கள், இந்தியாவில் முடியாத காரியம் இல்லை.

2018-இல் புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் தண்ணீருக்குள் ஓர் ஆப்பு வடிவத் திட்டை இறக்கினார்கள். அலை அதன்மேல் உடைந்து வேகம் குறைய, பின்னால் மணல் தங்கியது. பல வருடம் வெறும் கல்லாகக் கிடந்த இடத்தில் மக்கள் கால் நனைத்தார்கள். அதுவும் எஃகும் கல்லும்தான், அம்மா. எங்கே, எந்த வடிவத்தில் வைக்கிறோம் என்பதுதான் பொறியியல்.

---

அடம்பங்கொடி

முழுக்க ஒப்புக்கொள்கிறேன், ஐயா. அந்தத் திட்டோடு துறைமுகத்தில் வாரிய மணலையும் அங்கே கொட்டினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நகரத்துக் கரைக்குக் கிடைத்த அந்த மணல் இன்னும் வடக்கே, வடகுப்பம் அண்ணா ஊருக்குப் போய்ச் சேரவில்லை. யூனியன் பிரதேச எல்லையோடு திட்டம் நின்றுவிடுகிறது. மணலுக்கு அந்த எல்லை தெரியாது.

---

காசிமேட்டுப் பேரன்

அப்படியென்றால் மனுவில் என்ன எழுதுவது? அவர் கேட்டது அதுதானே.

---

வடகுப்பம்

எழுதியதைக் கீழே போடுகிறேன், திருத்துங்கள்.

"துறைமுக வாயிலும் தெற்கேயும் சேரும் மணலை ஆண்டுதோறும் எடுத்து, புதுச்சேரி எல்லைக்குள் மட்டும் நிறுத்தாமல் வடக்குக் குப்பங்கள் வரை கொட்ட வேண்டும். இரு அரசுகளும் சேர்ந்து இதற்குப் பொறுப்பேற்க வேண்டும். விரிசல் விட்ட வீடுகளுக்கு முன்னால் மட்டும், மணல் வந்து சேரும் வரை, அவசரத்துக்குக் கல் அல்லது மணல் மூட்டைத் தடுப்பு வேண்டும். அது நிரந்தரமாகக் கூடாது. எங்கள் ஊருக்கு மட்டும் தனியாகத் தூண்டில் வளைவு வேண்டாம். கரை திரும்பிய இடத்தில் அடம்பும் தாழையும் ஊர்ப் பெண்கள் குழுவே நட்டுப் பராமரிக்கும், சவுக்கு வேண்டாம். விருப்பத்தின் பேரில் உள்ளே போகும் குடும்பங்கள் விடும் நிலம் மீனவர் பொதுநிலமாக எழுதப்பட வேண்டும்."

தூண்டில் வளைவு வேண்டாம் என்ற வரிக்குப் பெரியவர்கள் இரண்டு பேர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வளைவு வந்தால் வடக்கே இருக்கிற என் மாமியார் ஊர் போய்விடும் என்று ஒரு அக்கா எழுந்து சொன்ன பிறகுதான் மற்றவர்கள் இறங்கி வந்தார்கள்.

---

ஓய்வுபெற்ற பொறியாளர்

நல்ல மனு. நான் கல் பக்கம் நிற்கிறவன்தான், ஆனால் இதில் கையெழுத்துப் போடுவேன். இரண்டு சேர்க்கை. ஆண்டுக்கு எத்தனை கன மீட்டர், எந்த மாதத்தில் என்று எழுதச் சொல்லுங்கள். எண் இல்லாத வாக்குறுதியை யாரும் கணக்குப் பார்க்க முடியாது. வாடைக் காலத்துக்கு முன்பும் பின்பும் கரையை அளந்து ஊருக்குக் காட்ட வேண்டும் என்றும் போடுங்கள். ஒரு பருவத்தை மட்டும் அளந்தால் கரை வளர்வதாகக்கூடக் காட்டிவிடலாம்.

---

டெல்ஃப்ட் தமிழ்

தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் மாவட்டவாரியாகக் கரை மாற்ற வரைபடங்கள் வெளியிட்டிருக்கிறது. விழுப்புரம், புதுச்சேரி இரண்டையும் மனுவோடு இணையுங்கள். உங்கள் ஊரில் கரைவலைப் பாடு (வலை வளைத்து இழுக்கும் இடம்) எங்கிருந்து எங்கே வரை இருந்தது என்று பெரியவர்களைக் கொண்டு அதே வரைபடத்தில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். அதிகாரிகளிடம் அந்தத் தகவல் இருக்காது.

---

வடகுப்பம்

இரண்டையும் சேர்த்துவிட்டேன். பாடு குறிக்கிற வேலையை அந்தக் கையெழுத்துப் போடாத பெரியவர்கள் இரண்டு பேரிடமே கொடுத்திருக்கிறோம். வடக்கே இருக்கும் குப்பங்களின் பஞ்சாயத்தாரை ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டிருக்கிறோம்; அவர்கள் ஒப்புக்கொண்டால் எல்லா ஊருக்கும் ஒரே மனு.